மூன்று வாரக் காய்ச்சல், வால்வில் பழைய கசிவு, எக்கோ சுத்தம்: வால்வுத் தொற்று இல்லை என்று விட்டுவிடலாமா?

கேள்வி: வார்டு_பணிமருத்துவர்

வணக்கம். 46 வயது நோயாளி. ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வில் நடுத்தரக் கசிவு இருப்பது ஏற்கெனவே தெரியும். மூன்று வாரமாக மாலையில் 38.2 முதல் 38.6 டிகிரி வரை காய்ச்சல், இரவில் வியர்வை, எடை 4 கிலோ குறைவு. சேர்வதற்கு முன்பே வெளியில் அசித்ரோமைசின் 3 நாள், பிறகு செஃபிக்சிம் 5 நாள் சாப்பிட்டிருக்கிறார். மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சல் விட்டது, நிறுத்திய மூன்றாம் நாள் திரும்பிவிட்டது.

ஹீமோகுளோபின் 9.8, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 88, சி.ஆர்.பி. 74. கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, சிறுநீரில் சிவப்பணுக்கள் தெரிகின்றன. இரத்த அழுத்தம், மூச்சு, சுயநினைவு எல்லாம் நன்றாக உள்ளன. மர்மர் (வால்வுக் கசிவின் இதய ஒலி) பழையதுதான், சத்தம் கூடியதாகத் தோன்றவில்லை. விரல்களிலும் உள்ளங்கையிலும் எதுவும் இல்லை. பிளட் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒரு செட் அனுப்பியதில் 48 மணி நேரமாகியும் வளர்ச்சி இல்லை. மார்பின் மேல் வைத்துப் பார்த்த எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) வெஜிடேஷன் (வால்வில் ஒட்டும் கிருமிப் படிவு) இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

வால்வுத் தொற்றைக் கண்டறிய உதவும் டியூக் அளவுகோலில் எண்ணிப் பார்த்தால் இரண்டு சிறு அம்சங்கள்தான் தேறுகின்றன. இதை வைத்து விலக்கலாமா? இல்லையென்றால் கல்ச்சரை எப்படித் திரும்ப எடுப்பது, ஆன்டிபயாடிக்கை எப்போது தொடங்குவது?


பதில் 1: கல்ச்சர்_மேசை

விலக்க முடியாது டாக்டர். நீங்கள் எழுதியதிலேயே மிக வலுவான தடயம், மாத்திரையில் அடங்கி மாத்திரை நின்றதும் திரும்பும் காய்ச்சல்தான். கசியும் வால்வு உள்ளவருக்கு இப்படி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை வால்வுத் தொற்று என்றே வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

ஒரு செட் கல்ச்சர் கல்ச்சரே இல்லை என்றுதான் சொல்வேன். வால்வுத் தொற்றில் இரத்தத்தில் கிருமி ஓயாமல் இருக்கும், ஆனால் பலருக்கும் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அதனால் எத்தனை மில்லி இரத்தம் எடுத்தோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. குளிர் நடுக்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கிருமி எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதால் எப்போது எடுத்தாலும் சரிதான்.

எடுக்கும் முறை: மூன்று செட், மூன்று வெவ்வேறு நரம்புகளில் (சிரைகளில்) புதிதாகக் குத்தி, 30 நிமிட இடைவெளியில். ஒவ்வொரு செட்டிலும் காற்றுள்ள பாட்டில் ஒன்று, காற்றில்லாப் பாட்டில் ஒன்று. பாட்டிலுக்கு 10 மில்லி. ஆக மொத்தம் 60 மில்லி. ஏற்கெனவே போட்டிருக்கும் ட்ரிப்ஸ் ஊசியிலிருந்தோ மத்திய நரம்புக் குழாயிலிருந்தோ எடுக்கக் கூடாது, குழாயில் குடியிருக்கும் தோல் கிருமி வந்து குழப்பும்.

தோலை 70 சதவீத ஆல்கஹாலில் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்சிடினால் 30 விநாடி அழுத்தித் தேய்த்து, தானாக உலர விடுங்கள். ஊதி உலர்த்துவது, உலர்ந்த பிறகு நரம்பு எங்கே என்று விரலால் மறுபடி தடவிப் பார்ப்பது, இந்த இரண்டும்தான் கலப்படத்துக்கு முதல் காரணங்கள். பாட்டில் மூடியைத் திறந்தவுடன் கீழே இருக்கும் ரப்பர் சுத்தமானது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். குழாய் இணைத்த பட்டாம்பூச்சி ஊசி என்றால் காற்றுள்ள பாட்டில் முதலில், ஏனென்றால் குழாயில் இருக்கும் காற்று முதல் பாட்டிலுக்குள் போகும். சிரிஞ்சில் எடுத்தால் காற்றில்லாப் பாட்டில் முதலில். பாட்டிலின் உள் வெற்றிடம் அளவுக்கு மேல் இழுத்துவிடும் என்பதால், தொடங்கும் முன் பக்கவாட்டில் 10 மில்லிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. அறை வெப்பத்திலேயே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடம் வந்துவிட வேண்டும்.

படிவத்தில் "காய்ச்சல்" என்று மட்டும் எழுதாமல் "வால்வுத் தொற்று சந்தேகம், இன்ன மருந்து இன்ன தேதிவரை" என்று எழுதுங்கள். அதைப் பார்த்தால் நாங்கள் ஒரே ஒரு பாட்டிலில் வந்த கிருமியையும் எளிதில் ஒதுக்க மாட்டோம்.

மருந்து எப்போது என்று கேட்டீர்கள். உங்கள் நோயாளி நிலையாக இருக்கிறார், இதயச் செயலிழப்பு இல்லை. இவருக்கு மருந்தைத் தொடங்காமல் மூன்று செட் எடுத்து, அதில் ஒன்றும் வரவில்லை என்றால் ஓரிரு நாள் விட்டு மறுபடி எடுக்கலாம். அசித்ரோமைசின் திசுக்களில் பல நாள் தங்கும் மருந்து, அது வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். இதே நோயாளி இரத்த அழுத்தம் விழுந்த நிலையில் வந்திருந்தால் கதை வேறு. அப்போது 30 நிமிட இடைவெளியெல்லாம் பார்க்காமல் வெவ்வேறு இடத்தில் அடுத்தடுத்து எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும்.

ஐந்து நாள் வைத்தும் வளரவில்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பதில் இன்றைய தானியங்கிக் கருவிகளில் பெரிய பயன் இல்லை. முன்பு மெதுவாக வளர்பவை என்று பெயரெடுத்த ஹாசெக் என்ற கிருமிக் குழுவும் அந்த ஐந்து நாளுக்குள் வந்துவிடும். அதன் பிறகு போக வேண்டிய இடம், இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தேடும் சீரம் பரிசோதனை. காக்ஸியெல்லா, பார்டொனெல்லா, புரூசெல்லா என்ற மூன்று கிருமிகளுக்கும் அனுப்புங்கள். ஆடு மாடு, பூனை, காய்ச்சாத பால் இவற்றோடு தொடர்பு உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காக்ஸியெல்லாவில் முதல் கட்ட ஐ.ஜி.ஜி. (எதிர்ப்புப் பொருள்) 1:800க்கு மேல் இருந்தால் அதுவே ஒரு பெரிய அம்சம். கிருமியே இல்லாமலும் வால்வில் படிவு வரும்: லூபஸ், ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய், மறைந்திருக்கும் புற்றுநோய்.


பதில் 2: எக்கோ_அறை

மார்பு எக்கோவை நம்பி முடிவெடுக்க வேண்டாம். சொந்த வால்வில் மார்பு எக்கோ ஏறத்தாழ 70 சதவீதத் தொற்றுகளைத்தான் பிடிக்கும். செயற்கை வால்வில் பாதிதான். உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் டி.இ.இ. இரண்டிலும் 90 சதவீதத்தைத் தாண்டும். இவருக்கு ருமாட்டிக் வால்வு வேறு. தடித்து, சுண்ணாம்பு படிந்து, ஓரம் சுருண்ட வால்வில் 3 மில்லிமீட்டர் வெஜிடேஷன் ஒட்டியிருந்தால் பழைய தடிப்பு என்றே தோன்றும். ஆகவே டி.இ.இ. கட்டாயம். அதிலும் ஒன்றும் இல்லை, சந்தேகமோ போகவில்லை என்றால் 5 முதல் 7 நாளில் திரும்பச் செய்யுங்கள். முதல் நாள் இல்லாத படிவும் சீழ்க்கட்டியும் ஒரு வாரத்தில் தெரியவரும்.

கேட்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மிட்ரலில் படிவு ஏட்ரியம் (மேலறை) பக்கம் ஒட்டியிருக்கும், அயோர்ட்டிக்கில் வென்ட்ரிக்கிள் (கீழறை) பக்கம். இரத்தம் கசிந்து எதிர்த்திசையில் அடிக்கும் பக்கத்தில்தான் அது உட்காரும். வால்வின் அசைவோடு ஒத்துப்போகாமல் தனியே துள்ளும். அறிக்கையில் அதிகபட்ச நீளம் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும், ஏனென்றால் 10 என்ற எண் அறுவை முடிவில் வரும். துளை, சீழ்க்கட்டி, அயோர்ட்டாவின் அடிப்பகுதித் தடிப்பு இவற்றுக்குத் தனி வரி கேளுங்கள். அறுந்த தசைநாண், சுண்ணாம்புத் துணுக்கு, உறைகட்டி, வயதானவர் அயோர்ட்டிக் வால்வில் வரும் மெல்லிய இழை இவை எல்லாம் வெஜிடேஷன் போல ஏமாற்றும்.

டியூக் கணக்குக்கு வருகிறேன். பெரிய அம்சம் 2, அல்லது பெரியது 1 உடன் சிறியது 3, அல்லது சிறியது 5 இருந்தால் உறுதி. பெரியது 1 உடன் சிறியது 1, அல்லது சிறியது 3 இருந்தால் சாத்தியம். உங்கள் எண்ணிக்கை சரி: வால்வுக் கசிவு ஒன்று, 38க்கு மேல் காய்ச்சல் ஒன்று. சிறுநீரில் சிவப்பணு மட்டும் இருந்தால் எண்ணிக்கையில் சேராது. நோயெதிர்ப்புக் கூட்டுப்பொருளால் வந்த சிறுநீரக அழற்சி என்று காட்ட வேண்டும். ஆனால் ருமாட்டாய்டு ஃபேக்டர் என்ற மலிவான பரிசோதனையை யாரும் அனுப்புவதில்லை. அது பாசிட்டிவ் என்றால் மூன்றாவது சிறு அம்சம், உடனே "சாத்தியம்" என்ற வகைக்கு வந்துவிடுவார். வயிற்று சி.டி. எடுங்கள். வலியே இல்லாமல் மண்ணீரலில் இரத்த ஓட்டமற்ற திட்டு இருக்கும், அதுவும் ஒன்று. கண்ணின் கீழிமையைப் புரட்டிப் பார்க்க மறக்காதீர்கள், சிறு இரத்தப் புள்ளி அங்கே முதலில் தெரியலாம்.

முக்கியமாக ஒன்று. இந்த அளவுகோல் ஆராய்ச்சிக்காக நோயாளிகளை வகைப்படுத்த 1994இல் வந்தது. 2000இலும் 2023இலும் திருத்தப்பட்டது. படுக்கையருகே சந்தேகத்தை மூடுவதற்கான பூட்டாக அதைப் பயன்படுத்தக் கூடாது. தேடாதவருக்கு அம்சம் தேறாது, அவ்வளவுதான்.

செயற்கை வால்வு என்றால் எக்கோவின் நிழலில் பாதி மறைந்துவிடும். அங்கே பெட்-சி.டி.யும் இதய சி.டி.யும் கைகொடுக்கும், 2023 திருத்தத்தில் இரண்டும் பெரிய அம்சமாக ஏறிவிட்டன. சொந்த வால்வில் பெட் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, அதனால் அதில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து விலக்கக் கூடாது.


வார்டு_பணிமருத்துவர்

நன்றி. நான்கு நாள் கழித்து நிலவரம்: மூன்று செட்டில் இரண்டு செட் பாசிட்டிவ். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ், பெனிசிலின் எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்தளவு) 0.06. டி.இ.இ.யில் மிட்ரல் முன் இதழில் 9 மி.மீ. வெஜிடேஷன், சீழ்க்கட்டி இல்லை, கசிவு நடுத்தரமே. ருமாட்டாய்டு ஃபேக்டரும் பாசிட்டிவ். கிராம் சாய அறிக்கை வந்ததுமே வான்கோமைசினும் செஃப்ட்ரையாக்சோனும் தொடங்கியிருக்கிறோம். இனி எது, எத்தனை நாள்? ஜென்டாமைசின் சேர்க்க வேண்டுமா?


பதில் 3: மருந்தியல்_வார்டு

வான்கோமைசினை இன்றே நிறுத்துங்கள். பெனிசிலினுக்கு நன்றாக அடங்கும் கிருமிக்கு அது கூடுதல் பலம் எதுவும் தராது, சிறுநீரகத்துக்குச் சுமைதான்.

எம்.ஐ.சி. 0.125க்குள் இருக்கும் வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சொந்த வால்வு: செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் நாளுக்கு ஒரு தடவை நரம்பில், 4 வாரம். அல்லது பெனிசிலின் ஜி நாளொன்றுக்கு 12 முதல் 18 மில்லியன் யூனிட், நான்கு மணிக்கொரு தடவையாகப் பிரித்து, 4 வாரம். செயற்கை வால்வு என்றால் இரண்டுக்கும் 6 வாரம்.

ஜென்டாமைசின் கிலோவுக்கு 3 மில்லிகிராம் ஒரே வேளையாகச் சேர்த்து மொத்தச் சிகிச்சையை 2 வாரத்தில் முடிக்கும் முறை ஒன்று உண்டு. சிக்கலில்லாத சொந்த வால்வு, சரியான சிறுநீரகம் என்ற நிபந்தனையோடுதான் அது. உங்கள் நோயாளிக்குச் சிறுநீரில் சிவப்பணு இருக்கிறது, சிறுநீரக அழற்சி தொடங்கியிருக்கலாம். இரண்டு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய்ச் சிறுநீரகத்தையும் காதையும் பணயம் வைக்க வேண்டாம். தனி செஃப்ட்ரையாக்சோன் நான்கு வாரமே என் தேர்வு.

நாள் எண்ணுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மருந்து தொடங்கிய தேதி முதல் நாள் அல்ல. கல்ச்சர் முதன்முதலில் நெகட்டிவ் ஆன தேதிதான் முதல் நாள். ஆகவே தொடங்கி 48 மணியில் மறுபடி கல்ச்சர் எடுங்கள், நெகட்டிவ் ஆகும்வரை தொடருங்கள். யாருமே திரும்ப எடுக்காவிட்டால் எண்ணத் தொடங்க ஒரு நாளே இல்லாமல் போகும். இடையில் அறுவை நடந்து, எடுத்த வால்வில் கிருமி வளர்ந்தால் அன்றிலிருந்து முழுக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

கையாளும்போது கவனிக்க வேண்டியவை. செஃப்ட்ரையாக்சோன் ஏறும் குழாயில் கால்சியம் உள்ள திரவம், ரிங்கர் லாக்டேட் உட்பட, சேரக் கூடாது, படிவு உண்டாகும். பெனிசிலின் ஜி பொட்டாசியம் உப்பாக வந்தால் ஒரு மில்லியன் யூனிட்டுக்கு 1.7 மில்லிமோல் பொட்டாசியம் சேர்ந்தே போகிறது. 18 மில்லியனில் 30க்கு மேல். சிறுநீரகம் மந்தமானவருக்கு இது விளையாட்டல்ல. நீண்டநாள் பீட்டாலாக்டம் (பெனிசிலின், செஃப்ட்ரையாக்சோன் வகை) தரும்போது மூன்றாவது வாரத்தில் வெள்ளணு விழுவதுண்டு, வாரம் ஒருமுறை எண்ணிக்கை பாருங்கள். காய்ச்சல் அடங்கிப் பிறகு மூன்றாம் வாரத்தில் திரும்பினால் தொற்று மீண்டதென்று பயப்படுமுன் மருந்துக் காய்ச்சல், ட்ரிப்ஸ் குழாய்த் தொற்று இரண்டையும் பாருங்கள்.

வேறு கிருமி வந்திருந்தால் என்ன என்பதையும் இங்கேயே போட்டுவிடுகிறேன், இந்தத் திரியைத் தேடி வருபவர்களுக்கு உதவும். மெத்திசிலினுக்கு அடங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சொந்த வால்வு: கிளாக்சசிலின் வகை நாளுக்கு 12 கிராம், அல்லது செஃபசோலின் 2 கிராம் எட்டு மணிக்கொரு தடவை, 4 முதல் 6 வாரம். இதற்கு வான்கோமைசின் போட்டுக்கொண்டே இருப்பது தவறு, அது பீட்டாலாக்டமை விட மெதுவாகக் கொல்லும். சொந்த வால்வில் ஜென்டாமைசினும் வேண்டாம். மெத்திசிலினுக்கு அடங்காதது என்றால்தான் வான்கோமைசின், அல்லது டாப்டோமைசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம், வாரம் ஒரு சி.பி.கே. (தசைச் சிதைவு) பரிசோதனையோடு. செயற்கை வால்வில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றால் 6 வாரத்துக்குக் குறையாமல், ரிஃபாம்பிசினும் முதல் இரண்டு வாரம் ஜென்டாமைசினும் சேரும். ரிஃபாம்பிசினை முதல் நாளே தராமல் 3 முதல் 5 நாள் கழித்து, இரத்தத்தில் கிருமிச் சுமை குறைந்த பிறகு சேருங்கள், இல்லையென்றால் எதிர்ப்புத்திறன் சட்டென்று வந்துவிடும்.

என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்றால் ஆம்பிசிலின் 2 கிராம் நான்கு மணிக்கொரு தடவை, கூடவே செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் 12 மணிக்கொரு தடவை, 6 வாரம். செஃப்ட்ரையாக்சோன் தனியாக இந்தக் கிருமியைத் தொடவே தொடாது, ஆம்பிசிலினோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். அதனால் "ஒன்றை நிறுத்திப் பார்ப்போம்" என்ற சோதனைக்கு இங்கே இடமில்லை. ஃபீசியம் இனத்துக்கு இந்த ஜோடி உதவாது.


பதில் 4: கல்ச்சர்_மேசை

மேலே ஒன்றைச் சேர்க்கிறேன். வந்த கிருமி எங்கிருந்து வந்தது என்றும் சொல்லும். சாங்குவினிஸ் வாயிலிருந்து வந்தது, பல்லைப் பாருங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ் வந்திருந்தால் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை கட்டாயம், அங்கே கட்டி இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒரே பாட்டிலில் வந்தாலும் கலப்படம் என்று எழுதவே கூடாது.


பதில் 5: இதய_அறுவைக்_குழு

9 மி.மீ., செயலிழப்பு இல்லை, சீழ்க்கட்டி இல்லை, மருந்துக்கு அடங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இன்று அறுவை தேவையில்லை. ஆனால் இன்றே எங்களிடம் சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் நுரையீரலில் நீர் கோத்த பிறகு முதல்முறையாக அழைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது, அந்த இடத்தில் நோயாளி பலவற்றை இழந்திருப்பார்.

எங்களை அழைக்க வேண்டிய காரணங்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது இதயச் செயலிழப்பு. இதுதான் மிகப் பொதுவான காரணம். நுரையீரல் நீர்க்கோவையோ அதிர்ச்சியோ மருந்துக்கு அடங்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள். செயலிழப்பின் அறிகுறிகள் இருந்தும் தாக்குப்பிடிப்பவருக்கு 3 முதல் 5 நாளுக்குள்.

இரண்டாவது அடங்காத தொற்று: சீழ்க்கட்டி, போலி அனியூரிசம் (சுவர்ப் புடைப்பு), ஃபிஸ்டுலா (அறைகளுக்கிடையே துளை), சரியான மருந்து கொடுத்தும் ஒரு வாரத்துக்கு மேல் பாசிட்டிவாகவே இருக்கும் கல்ச்சர், பூஞ்சைத் தொற்று. இந்த வகையைப் படுக்கையருகே முதலில் காட்டிக்கொடுப்பது ஈ.சி.ஜி.தான். அயோர்ட்டிக் வால்வின் அடியில், மின்துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணு ஒட்டியே இருக்கிறது. சீழ் அந்தப் பக்கம் இறங்கினால் பி.ஆர். இடைவெளி (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போக ஆகும் நேரம்) நீளும். தினமும் ஒரு ஈ.சி.ஜி., தினமும் பி.ஆர். எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். 160 இருந்தது 220 ஆனால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே டி.இ.இ., கண்காணிப்புப் படுக்கை, பேஸிங் (செயற்கைத் துடிப்பு) வசதி.

மூன்றாவது சிதறிப் போகும் துணுக்குகள். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் படிவு இருந்து, மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு துணுக்கு எங்காவது போய் அடைத்துவிட்டால் அவசரம். இந்த ஆபத்து மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு வேகமாகக் குறையும். ஆகவே "ஒரு மாதம் மருந்து முடித்துவிட்டு அறுவை பார்ப்போம்" என்பது பாதுகாப்பது போலத் தோன்றினாலும், தடுக்க வேண்டிய காலம் அதற்குள் கடந்துபோய்விடும்.

மூளை பற்றி. பக்கவாதம் வந்தால் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து கொடுக்கக் கூடாது, இந்த நோயில் அடைப்பு எளிதில் கசிவாக மாறும். பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி வழியாக எடுக்கலாம். இரத்தக் கசிவில்லாத பக்கவாதம் அறுவையைத் தள்ளிப்போடக் காரணமல்ல. கசிவு இருந்தால் முடிந்தவரை ஒரு மாதம் தள்ளிப் போகிறோம். வெஜிடேஷன் இருக்கிறது என்பதற்காக ஹெப்பாரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி) தொடங்குவதும் வேண்டாம், அது துணுக்கு உதிர்வதைத் தடுக்காது, மூளைக் கசிவுக்குத்தான் வழி செய்யும்.

அயோர்ட்டிக் வால்வு திடீரென்று கிழிந்தவரைப் பற்றி எச்சரிக்கை. பாடப்புத்தகத்தில் படித்த துள்ளும் நாடியும் அகன்ற இரத்த அழுத்த இடைவெளியும் இங்கே இருக்காது. இடது வென்ட்ரிக்கிள் விரிய நேரம் கிடைக்கவில்லை. மர்மர் குட்டையாக, மெல்லியதாக, சில சமயம் கேட்காமலே இருக்கும். இதயம் 120இல் ஓடிக்கொண்டிருக்கும், அந்த ஓட்டம்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் குறைக்க பீட்டா பிளாக்கர் கொடுத்தால் டயஸ்டோல் (இதயம் தளரும் நேரம்) நீண்டு கசிவு கூடி நோயாளி சரிந்துவிடுவார். அயோர்ட்டாவில் பலூன் பம்ப் போடுவதும் கூடாது.


வார்டு_பணிமருத்துவர்

இரண்டாம் கல்ச்சர் 48 மணியில் நெகட்டிவ். காய்ச்சல் ஐந்தாம் நாளில் விட்டது, பி.ஆர். 158இலேயே நிற்கிறது. அவர் வீட்டுக்குப் போக விரும்புகிறார். மாத்திரைக்கு மாற்றலாமா? எழுதிக் கொடுக்க வேண்டியது என்ன?


பதில் 6: மருந்தியல்_வார்டு

மாற்ற முடியும், இன்றைக்கு முடியாது. டென்மார்க்கில் 400 நோயாளிகளை வைத்துச் செய்து 2019இல் வெளியான போயட் ஆய்வு இதற்கு ஆதாரம். இடப்பக்க வால்வுத் தொற்றில் நிலைபெற்றவர்களை மாத்திரைக்கு மாற்றியதில் மோசமான முடிவுகள் 9.0 சதவீதம், ஊசியிலேயே தொடர்ந்தவர்களில் 12.1. ஆனால் அதன் நிபந்தனைகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்: குறைந்தது 10 நாள் ஊசி, இரண்டு நாளுக்கு மேல் 38க்குக் கீழ், சி.ஆர்.பி. உச்சத்தின் கால் பங்குக்குக் கீழ் அல்லது 20க்குக் கீழ், மாற்றுவதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் டி.இ.இ.யில் சீழோ அறுவைக்கான காரணமோ இல்லை. ஒரே மாத்திரை அல்ல, வெவ்வேறு வகையில் இரண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு அமாக்சிசிலின் 1 கிராம் நாளுக்கு நான்கு தடவை, ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம் இரண்டு தடவை என்பது அதில் இருந்த ஒரு ஜோடி. வாந்தி, வயிற்றுப்போக்கு இருப்பவருக்கும், மாத்திரை தவறவிடுவார் என்று தோன்றுபவருக்கும் இது பொருந்தாது.

அவர் வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுபவரா? மிட்ரல் நோயாளிகள் பலர் சாப்பிடுவார்கள். ரிஃபாம்பிசின் சேர்த்த ஒன்றிரண்டு வாரத்தில் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) அடியோடு விழும், வார்ஃபரின் அளவை ஏற்ற வேண்டி வரும். ரிஃபாம்பிசின் நிறுத்திய பின் ஏற்றிய அளவிலேயே தொடர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறி இரத்தம் கசியும். நிறுத்தும் தேதியும் அடுத்த மூன்று வார ஐ.என்.ஆர். தேதிகளும் சீட்டில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு நாளுக்கு ஒரே ஊசியான செஃப்ட்ரையாக்சோனை வெளிநோயாளியாகவே வந்து போட்டுக்கொள்வது எளிது. கையில் நீளக் குழாய் போடுவதென்றால் கல்ச்சர் நெகட்டிவ் ஆனது உறுதியான பிறகே.


பதில் 7: பல்_அறுவை

அனுப்புமுன் பல்லை முடித்துவிடுங்கள். முழுத் தாடை எக்ஸ்ரே எடுத்து, சீழ் பிடித்த வேர் இருந்தால் ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்குவது நல்லது.

ஒருமுறை வால்வுத் தொற்று வந்தவர் இனி வாழ்நாள் முழுதும் அதிக ஆபத்து வகை. ஈறைக் கிளறும் வேலை எதற்கும், பிடுங்குவது, ஆழச் சுத்தம் செய்வது, வேர் சிகிச்சை, 30 முதல் 60 நிமிடம் முன் அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே வேளை. பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அசித்ரோமைசின் 500 அல்லது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம். கிளிண்டாமைசின் இப்போது பரிந்துரையில் இல்லை. ஈறைத் தொடாத அடைப்பு, எக்ஸ்ரே இவற்றுக்குத் தேவையில்லை.

ருமாட்டிக் நோயாளி என்பதால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை போடும் பென்சத்தின் பெனிசிலின் ஊசி ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமல் இருக்கத்தான். அது வால்வுத் தொற்றிலிருந்து காக்காது. அந்த ஊசியில் இருப்பவரின் வாய்க் கிருமிகள் பெனிசிலினுக்குப் பழகியிருக்கக்கூடும் என்பதால், பல் வேலைக்கு முன் அமாக்சிசிலினுக்குப் பதில் மேலே சொன்ன மற்ற வகையில் ஒன்றைக் கொடுங்கள். தொற்றுச் சிகிச்சை முடிந்தாலும் மாத ஊசியை நிறுத்தக் கூடாது.


பதில் 8: கல்ச்சர்_மேசை

டிஸ்சார்ஜ் தாளின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், நோயாளியின் மொழியில் இதை எழுதுங்கள்: "எனக்கு இதய வால்வுத் தொற்று வந்திருக்கிறது. எனக்கு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், எந்த ஆன்டிபயாடிக்கும் கொடுக்கும் முன் மூன்று பிளட் கல்ச்சர் எடுக்கவும்." கீழே கிருமியின் பெயர், எம்.ஐ.சி., முதல் நெகட்டிவ் கல்ச்சர் தேதி, மருந்து முடிந்த தேதி, முடியும்போது எடுத்த எக்கோவின் அளவுகள். சிகிச்சை முடிவில் எடுக்கும் எக்கோ இனி ஒப்பிட அடிப்படை, அதைத் தவிர்க்காதீர்கள். பிறகு 1, 3, 6, 12ஆம் மாதங்களில் பார்வை. மருந்து முடிந்த முதல் வாரத்தில் காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஒருமுறை கல்ச்சர் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அனுப்பினால் வாங்கிக்கொள்கிறோம். அதற்கும் பாட்டிலுக்கு 10 மில்லிதான்.